குண்டானா, வாணலியா? – தாய்லாந்துக் கடைச் சாப்பாடு பற்றி வாசகர் கேள்விகள்

கொச்சியில் விமானம் ஏறி பாங்காக் போகிற தமிழக-கேரள எல்லைப்பகுதி வாசகர்களின் கேள்விகள் இந்த முறை.

அடுத்த மாதம் நாலு பேர் பாங்காக் போகிறோம். மாமியாரும் நானும் சுத்த சைவம். பெரிய ஹோட்டல் கட்டாது, தட்டுக்கடை மாதிரி இடங்களில்தான் சாப்பிட எண்ணம். ‘வெஜிடபிள்’ என்று கேட்டால் போதுமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

போதாது. காய்கறி போட்டுத் தருவார்கள், அதன் மேலேயே மீன் சாறும் ஊற்றுவார்கள். நெத்திலியை உப்பில் பல மாதம் ஊறவைத்து வடித்த ‘நாம் ப்லா’தான் அங்கே உப்பு மாதிரி. கேட்காமலே விழும்.

கடைக்குள் நுழைந்ததும் குண்டானா, வாணலியா என்று பாருங்கள். வரிசையாகக் குண்டான்களில் குழம்பு வைத்து, சோற்றின் மேல் ஊற்றித் தருகிற கடை ‘கவ் கேங்’. அங்கே உங்களுக்கு வேலையில்லை. பச்சைக் குழம்பானாலும் சிவப்புக் குழம்பானாலும் அரைத்த விழுதிலேயே ‘கப்பி’ என்கிற இறால் விழுது சேர்ந்திருக்கும். காலையில் கொதித்ததிலிருந்து அதை யாரும் பிரித்தெடுக்க முடியாது. நூடுல்ஸ் சூப்பும் இதே கதைதான், தண்ணீரே பன்றி அல்லது கோழி எலும்பு வேகவைத்தது.

கேட்ட பிறகு வாணலியில் வதக்குகிற கடையில் பேசிப் பார்க்கலாம். ‘பட் பக் ருவாம்’ என்றால் கலவைக் காய் வதக்கல், ‘பக் பூங்’ என்றால் வள்ளைக்கீரை. கேட்கும்போதே மூன்று சொல்லுங்கள்: ‘மை ஸை நாம் ப்லா’ (மீன் சாறு வேண்டாம்), ‘மை ஸை நாம் மன் ஹோய்’ (சிப்பிச் சாறு வேண்டாம்), ‘ஸை ஸீ இவ்’ (சோயா சாறு போடுங்கள்). பலரும் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். கீரையில் பளபளவென்று ஒட்டியிருக்கும் பழுப்புக் குழம்பு சிப்பிச் சாறுதான்.

இந்தப் பேச்செல்லாம் வேண்டாமென்றால் மஞ்சள் கொடியில் சிவப்பாக, ‘17’ போலத் தெரியும் எழுத்தைத் தேடுங்கள். அது ‘ஜே’ கடை. மீன், முட்டை, பால் கிடையாது. வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது என்பதால் மாமியாருக்கு அதுவே உத்தமம். தட்டில் கோழி, வாத்து போல இருப்பது கோதுமையிலும் சோயாவிலும் செய்தது, பயப்பட வேண்டாம். தயிரை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கோழியும் முட்டையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கை’தான். கோழிக்கு நம் ‘கல்’லில் வருகிற சாதா ககரம். முட்டைக்கு மலையாளத்தில் ‘முகம்’ எழுதும்போது வருகிற, மூச்சு சேர்ந்த ககரம். உங்கள் ஊரில் அந்த உச்சரிப்பு எல்லோருக்கும் பழக்கம்தான். இருந்தாலும் முட்டையை விரலால் காட்டிவிடுவது நல்லது.

மேஜையில் நாலு கிண்ணம் வைக்கிறார்கள். எதை எப்போது போடுவது? போனமுறை எல்லாவற்றிலும் ஒரு கரண்டி போட்டு நூடுல்ஸ் பாழானது.
– வாசகர், வாளையார்

சர்க்கரை, வறமிளகாய்ப் பொடி, மிளகாய் நறுக்கிப் போட்ட வினிகர், மீன் சாறு. நூடுல்ஸ் வேண்டுமென்றே சப்பென்று வரும். மீதியை நீங்கள்தான் முடிக்க வேண்டும். முதலில் சூப்பை இரண்டு கரண்டி குடித்துப் பாருங்கள். பிறகு வினிகர் ஒரு டீஸ்பூன், பொடி அரை டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன். கடைசியாக மீன் சாறு, அதுவும் சொட்டுச் சொட்டாக. உப்பு ஏறிவிட்டால் இறங்காது, உங்களுக்கு நடந்தது அநேகமாக அதுதான். சூப்பில் சர்க்கரையா என்று முகம் சுளிக்காதீர்கள். புளிப்பின் கூர்மையை மழுக்குவதற்குத்தான் அது, புளிக்குழம்பில் துளி வெல்லம் போடுகிற அதே கணக்கு.

வறுத்த சோற்றுக்கு இந்த நாலும் வேண்டாம். காந்தாரி போன்ற குட்டி மிளகாயை மீன் சாற்றில் மிதக்கவிட்ட கிண்ணமும் ஒரு எலுமிச்சைத் துண்டும் போதும்.

டொம் யம் சூப்பில் குச்சியும் கட்டை மாதிரி வில்லைகளும் கிடந்தன. அம்மா மென்று பார்த்துப் பல் வலி என்கிறார். அதைத் தின்ன வேண்டுமா?
– வாசகர், குமுளி

வேண்டாம். குச்சி எலுமிச்சைப்புல், வில்லை பேரரத்தை, நடுவில் இடுப்பு ஒடுங்கி இரட்டையாகத் தெரிவது நாரத்தை இலையின் உறவு. மூன்றும் வாசனைக்கு, பிரியாணியில் பட்டை கிராம்பு போல. ஓரமாக ஒதுக்கிவிடலாம், கடைக்காரர் தவறாக நினைக்கமாட்டார்.

வீட்டில் செய்து பார்ப்பவர்கள் நாட்டு மருந்துக்கடைச் சித்தரத்தையை அதே அளவு போட்டுவிடுகிறார்கள், சூப்பு கஷாயமாகிவிடுகிறது. பச்சைப் பேரரத்தையே தேடுங்கள்: ஒரு லிட்டருக்கு மெல்லிய வில்லை ஆறேழு. எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகு. கொதிக்கவிட்டால் மணம் போய்க் கசப்பு மிஞ்சும்.

‘பேசில்’ இலைச் சோறு என்று வாங்கினோம். துளசி மணக்கிறதே!
– வாசகி, கல்பாத்தி

துளசியேதான். ‘பட் க்ரப்பாவ்’ என்பது அரைத்த இறைச்சியைப் பூண்டு, மிளகாயோடு வதக்கி, கடைசியில் துளசியைக் கைப்பிடியாகப் போட்டுப் புரட்டுவது. அங்கே அது பூஜை இலை இல்லை, சமையல் இலை. மனசு ஒப்பவில்லையென்றால் வேறு கேளுங்கள். பச்சைக் குழம்பில் போடுகிற ‘ஹோரப்பா’ இலை நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம்.

மெனுவில் பார்த்த விலையும் பில்லும் ஒத்துப்போகவில்லை. ஏமாற்றா?
– வாசகர், மீனாட்சிபுரம்

பெரும்பாலும் இல்லை. மெனுவின் அடியில் ‘++’ இருந்ததா பாருங்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதமும் வரி 7 சதவீதமும் தனி என்று அர்த்தம். முழு மீன், நண்டுக்குப் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு. வாங்குமுன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். குடிக்காத தண்ணீர் பாட்டிலையும், பிரிக்காத ஈரத் துண்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சாதாரணக் கடையில் இந்தச் சள்ளை இல்லை. ஒரு தட்டுச் சோறோ ஒரு கிண்ணம் நூடுல்ஸோ சுமார் 50 முதல் 80 பாத், பொரித்த முட்டைக்கு மேலே 10 பாத். ஒரு பாத் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு கையைக் கடிக்காது. பசி அதிகமென்றால் ‘பிஸெட்’ என்று சொல்லுங்கள், 10, 20 பாத் கூடுதலுக்குத் தட்டு நிறையும்.

பேரமும் பாஷையும் வேண்டாதவர்களுக்கு மால்களின் ஃபுட் கோர்ட். பாங்காக்கின் அசோக் பகுதியில் டெர்மினல் 21 மாலுக்குள் இருக்கும் ‘பியர் 21’ இதில் பெயர் பெற்றது. பணம் கட்டி அட்டை வாங்கி, கடைக்குக் கடை காட்டிச் சாப்பிட்டு, மீதியை அன்றைக்கே கவுண்டரில் திருப்பி வாங்கிவிடுங்கள். அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்கிறவர்கள் நிறையப் பேர்.

கையால் சாப்பிடலாமா?
– வாசகர், பாறசாலை

‘கவ் நியாவ்’ என்கிற ஒட்டுச்சோறு மூங்கில் கூடையில் வரும். அதைக் கையால்தான் உருட்டித் தொட்டுக்கொள்ள வேண்டும். மற்ற சோற்றுக்கு வலக்கையில் ஸ்பூன், இடக்கையில் ஃபோர்க். ஃபோர்க் தள்ளிவிடுவதற்கு, வாய்க்குப் போவது ஸ்பூன். சாப்ஸ்டிக் நூடுல்ஸுக்கு மட்டும்.