டி16, டி30 பகடைகள் (16 முகம், 30 முகம் உள்ளவை) புதுச்சேரிக் கடைகளில் கிடைக்கவில்லை. வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்க முடியுமா?

கேள்வியின் விவரம்: முத்தியால்பேட்டையில் நாலு பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டும் கற்பனைக் கதை விளையாட்டை ஆடுகிறார்கள். டி20-க்கும் டி6-க்கும் ஓய்வே இல்லை, டி12 பெட்டியிலேயே கிடக்கிறது. பழைய விளையாட்டுகளின் விசித்திரப் பகடைகள் மீது ஆசை, ஆனால் வாங்க வழியில்லை.

தாராளமாகச் சமாளிக்கலாம். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்க எடுத்துவிட்டு மறுபடி பரணில் போட்ட பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி இருந்தால், டி16 ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

பெரும்பாலான கட்டைகளில் நாலு முகம்: வெறுமை, ஒரு புள்ளி, இரண்டு, மூன்று. இரண்டு கட்டை சேர்ந்தால் 16 சேர்க்கை. ஒரு கட்டையின் முனையில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள். அந்தக் கட்டையின் எண்ணை நாலால் பெருக்கி, மற்றதன் எண்ணைக் கூட்டி, மேலே ஒன்று சேர்க்க வேண்டும். பாலிஷ் கட்டை 2, மற்றது 3 என்றால் 8 + 3 + 1 = 12. இரண்டும் வெறுமை என்றால் 1. (தாயம் ஆடிப் பழகிய வாய் இங்கே "பன்னெண்டு!" என்று கத்தும், விடுங்கள்.) பாலிஷ் கட்டையில் மூன்று விழுந்தால் செல்லாது, மறுபடி போடு என்று வைத்துக்கொண்டால் அதுவே டி12.

புள்ளிகளை வெறுமனே கூட்டிவிடாதீர்கள். கூட்டினால் 16-ல் 4 வாய்ப்பு மூன்றுக்கே போய்விடும், ஆறுக்கு 1 தான். ஆனால் வழியில் எதிர்ப்படும் பூதங்களின் பட்டியலுக்கு அந்தக் கோணல் அருமையாகப் பொருந்தும். மூன்றில் நரி, ஓநாய் மாதிரி சாதாரணமானவை. இரட்டை வெறுமைக்குப் பெரிய தலை: 6.25 சதவீதம், டி20-ல் 20 விழும் 5 சதவீதத்துக்குப் பக்கம்தான்.

டி30-க்கு டி10, டி6 இரண்டையும் சேர்த்து உருட்டுங்கள். டி6-ல் 1, 2 என்றால் டி10 அப்படியே, 3, 4 என்றால் பத்து கூட்டு, 5, 6 என்றால் இருபது. டி10-ன் பூஜ்யம் பத்து. மூன்று டி10-ஐக் கூட்டுவது டி30 ஆகாது, 1-ம் 2-ம் வரவே வராது. இந்தத் தந்திரம் புதிதும் இல்லை. டி10 பரவலாவதற்கு முன், 1970-களின் டி20-யில் 0 முதல் 9 வரை இரண்டு முறைதான் இருக்கும். பாதி முகங்களுக்கு வேறு நிறம் தீட்டியோ கூடவே ஒரு டி6 உருட்டியோ இருபது வரை எண்ணினார்கள்.

நம் ஊர்க் கதைக்கு டி30 மாதிரி வாகான பகடை கிடையாது. திதி சரியாக முப்பது: 15 பௌர்ணமி, 30 அமாவாசை. நட்சத்திரம் வேண்டுமானால் 28, 29, 30-ஐ மறுபடி உருட்டுங்கள். டி12-க்கு ராசியும் தமிழ் மாதமும் இருக்கின்றன.

சண்டையிலும் டி12 பாவப்பட்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 ஐந்தாம் பதிப்பில் அடியின் சேதத்துக்குப் பெருங்கோடரிக்கு ஒரு டி12, பெருவாளுக்கு இரண்டு டி6. சராசரி 6.5-க்கு எதிராக 7, அதனால் எல்லோரும் வாளுக்கே ஓடுகிறார்கள். முழுப் பன்னிரண்டு விழும் வாய்ப்பு கோடரிக்கு 12-ல் 1, வாளுக்கு 36-ல் 1 என்பதை யாரும் பார்ப்பதில்லை. என் ஓட்டு கோடரிக்கு.

தாயக்கட்டையின் பெரிய குறை வார்ப்பு. குறுக்குவெட்டு சதுரமாக இல்லாமல் ஒரு பக்கம் 11 மி.மீ., மறுபக்கம் 10 என்று இருந்தால் அகலமான முகமும் அதன் எதிர்முகமும் அடிக்கடி விழும். வெர்னியரால் இரண்டு பக்கமும் அளந்து பார்த்து வாங்குங்கள். பழைய கட்டை என்றால் 80 முறை போட்டுக் குறியுங்கள், முகத்துக்கு 20 வர வேண்டும். ஒவ்வொரு முகத்தின் வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்தி 20-ஆல் வகுத்துக் கூட்டினால் 7.8-ஐத் தாண்டும் கட்டையை நம்ப வேண்டாம்.

அக்ரிலிக் பகடைக்கு உப்புத் தண்ணீர்ச் சோதனை போதும். 200 மி.லி. வெந்நீரில் சுமார் 70 கிராம் உப்பு. மரக்காணத்துக் கல்லுப்பு என்றால் வடிகட்டிக்கொள்ளுங்கள். மிதக்கும் பகடையைச் சுண்டிவிட, ஒவ்வொரு தடவையும் ஒரே எண் மேலே வந்தால் அந்தப் பக்கம் உள்ளே காற்றுக்குமிழி. பகடை மூழ்கினால் உப்பு போதவில்லை, அல்லது அது வேறு கனமான பிளாஸ்டிக்.

கோரைப்பாயில் போடாதீர்கள், கட்டை கோரை வரியில் சிக்கி உருளாமல் நிற்கும். மொசைக் தரை என்றால் மடித்த ஜமக்காளம் ஒன்று விரித்துக்கொள்ளுங்கள்.