“இல்லை, அவர் முஸ்லிம் இல்லை” என்பது ஒரு பதிலா?

கேள்வி: அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு முஸ்லிம் நின்றால் அவருடைய மதமே அவரைத் தோற்கடித்துவிடாதா? தகுதி இருந்தாலும், நிலவரம் தெரிந்து ஒதுங்கிக்கொள்வதுதானே கட்சிக்கும் அவருக்கும் நல்லது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: வாக்கு குறையும். அதில் சந்தேகமே வேண்டாம். ‘உங்கள் கட்சி தகுதியுள்ள ஒருவரை நிறுத்துகிறது, அவர் முஸ்லிம் என்றால் வாக்களிப்பீர்களா?’ என்று கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2015-இல் கேட்டபோது, சரி என்றவர்கள் 60 சதவீதம்தான். கத்தோலிக்கர் என்றால் 93. அதே ஆண்டு, அதிபர் வேட்பாளராகக் களத்தில் இருந்த பென் கார்சன், முஸ்லிம் ஒருவரிடம் நாட்டை ஒப்படைப்பதை ஆதரிக்க மாட்டேன் என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார். எந்தப் பொதுப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாக வைக்கக் கூடாது என்று அந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது. வாக்காளர் மனதுக்குள் சாசனம் நுழைய முடியாதே!

ஆனால் ‘ஒதுங்கிக்கொள்ளட்டும்’ என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2008 அதிபர் தேர்தலை நினைத்துப் பாருங்கள். ஒபாமா கிறிஸ்தவர். அப்படியிருந்தும் அவர் ரகசிய முஸ்லிம் என்ற வதந்தி ஓயவில்லை. அவரை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் மினசோட்டாவில் நடத்திய கூட்டத்தில் ஒரு பெண் மைக்கைப் பிடித்து, ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் அரபுக்காரர் என்றார். மெக்கெய்ன் மைக்கை வாங்கி, “இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர்” என்றார். சொந்த ஆதரவாளரையே திருத்தியதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பதிலை இன்னொரு முறை படியுங்கள். அரபுக்காரர் கண்ணியமான குடும்பஸ்தராக இருக்க மாட்டாரா? ஒபாமா தரப்பும் இதற்கு விலக்கல்ல. அந்த ஜூனில் டெட்ராய்ட் கூட்டத்தில், தலையில் முக்காடு அணிந்திருந்த இரண்டு பெண்களை மேடைக்குப் பின்னால், கேமராவில் தெரியும் இடத்தில் உட்காரத் தொண்டர்கள் விடவில்லை. அப்புறம் ஒபாமாவே அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் காலின் பவல். குடியரசுக் கட்சிக்காரர், முன்னாள் வெளியுறவு அமைச்சர். “அவர் முஸ்லிம் இல்லை என்பது சரியான பதில். ஆனால் முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன?” என்ற பொருளில் பேசினார். தான் பார்த்த ஒரு புகைப்படத்தையும் சொன்னார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் ஒரு தாய், மகனுடைய நடுகல்லில் தலை சாய்த்திருக்கிறார். மகன் இராக்கில் மாண்ட 20 வயது சிப்பாய். கல்லில் சிலுவை இல்லை, பிறையும் நட்சத்திரமும் இருக்கின்றன.

‘நிலவரம் தெரிந்து ஒதுங்குவது’ என்ற கணக்கைக் கத்தோலிக்கர்கள் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கத்தோலிக்கரான நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித் 1928 அதிபர் தேர்தலில் தோற்றதற்கு அவருடைய மதமும் ஒரு காரணம். 32 ஆண்டு கழித்து கென்னடி, கத்தோலிக்கர்கள் மிகக் குறைவாக இருந்த மேற்கு வர்ஜீனியாவுக்கே போய் நின்றார். ‘கடற்படையில் சேர்ந்தபோது நான் கத்தோலிக்கனா என்று யாரும் கேட்கவில்லையே’ என்று அந்த மக்களிடமே கேட்டார். உட்கட்சித் தேர்தலில் அங்கே ஜெயித்தார், பிறகு அதிபரும் ஆனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் நின்ற சோரான் மம்தானி, தாம் அரசியலுக்கு வந்த புதிதில் பெரியவர் ஒருவர் தம்மைத் தனியே அழைத்து, முஸ்லிம் என்று வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாமே என்று அன்பாகச் சொன்னதை நினைவுகூர்ந்தார். நீங்கள் தரும் அதே அறிவுரை! மம்தானி இனி ஒளிந்து நிற்கப்போவதில்லை என்று ஒரு மசூதி வாசலில் நின்று அறிவித்துவிட்டு, அந்த நவம்பரில் ஜெயித்தார். அவர் பிறந்தது உகாண்டாவில், அதனால் அதிபர் பதவிக்கு நிற்கச் சட்டம் இடம் தராது. நிற்கக்கூடிய ஒருவர் இந்நேரம் மிச்சிகனிலோ நியூஜெர்சியிலோ ஏதாவது பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் போய் ‘ஒதுங்கிக்கொள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.