எமர்ஜென்சி லைட்: மழைக்கு முன் வந்த கேள்விகள்

மன்னார்குடியில் பதினெட்டு வருடமாக எமர்ஜென்சி லைட், டார்ச், இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறேன். ஐப்பசி மழை தொடங்கும் முன் நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு வாங்கிய லைட், அண்ணா. மொத்தம் மூன்று தடவைதான் எரித்தோம். இப்போது பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. மட்டமான சரக்கா?

சரக்கு நல்லதாகவே இருந்திருக்கும், அக்கா. மூன்று தடவைதான் எரித்தீர்கள் என்பதில்தான் சிக்கல். உள்ளே இருப்பது ஈய அமில பேட்டரி. சும்மா இருந்தாலும் அதன் சார்ஜ் மெல்ல இறங்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. காலியாகவே கிடந்தால் ஈயத் தகட்டின்மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பிடிக்காது.

கஜா புயல் முடிந்ததும் கடைக்கு வந்த ஒரு லைட் இன்னும் நினைவில் இருக்கிறது. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனதால் சுவிட்சை அணைக்காமலே மூலையில் போட்டிருக்கிறார்கள். மீட்டரை வைத்தால் 4 வோல்ட் பேட்டரி 1.8 காட்டியது. அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எரித்த அன்றே சார்ஜ் போடுங்கள். எரிக்காவிட்டாலும் மாதம் ஒரு தடவை அரைமணி நேரம் எரியவிட்டு, முழுக்க சார்ஜ் ஏற்றுங்கள். என் அம்மா அமாவாசைக்கு அமாவாசை இதைச் செய்வார். அவர் லைட்டுக்கு ஐந்து வயது.

அப்படியானால் எப்போதும் பிளக்கிலேயே விட்டுவிடலாமா?

வேண்டாம். விலை குறைந்த லைட்டுகளில் பேட்டரி நிறைந்ததும் சார்ஜை நிறுத்தும் சர்க்யூட் இருக்காது. உள்ளே ஈரம் வற்றி பேட்டரி உப்பிவிடும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கைப் பார்த்துக் கழற்றிவிடுங்கள்.

மெழுகுவர்த்தி, அரிக்கேன் போதாதா?

கஜா அடித்த 2018 நவம்பர் 16 விடியற்காலையில் ஓடு பறந்த வீட்டில் இருந்தவர்களைக் கேளுங்கள், தம்பி. அந்தக் காற்றில் எந்தத் திரியும் நிற்கவில்லை. பேட்டரி விளக்கில் புகை இல்லை, கூரை பற்றிக்கொள்ளும் என்ற பயமும் இல்லை. தூங்கும் குழந்தை பக்கத்தில் வைக்கலாம்.

எத்தனை மணி நேரம் எரியும் என்பதைக் கடையிலேயே கணக்குப் போடலாம். 4 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி என்றால் பெருக்கினால் 8 வாட்-ஹவர். விளக்கு 2 வாட் என்றால் அந்த 8-ஐ 2-ஆல் வகுத்து 4 மணி நேரம். நடைமுறையில் மூன்று, மூன்றரை கிடைக்கும். பெட்டியில் 12 மணி நேரம் என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள்.

கரண்ட் போனாலும் எரியும் இன்வெர்ட்டர் பல்பைக் கழற்றிக் கையில் பிடித்தாலே எரிகிறதே, ஷாக் அடிக்குமா?

அடிக்காது. உள்ளே இருக்கும் லித்தியம் செல் 3.7 வோல்ட்தான். அடியிலுள்ள இரண்டு முனைகளையும் விரல் தொட்டதும், லைனில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து எரிகிறது. ஹோல்டரிலிருந்து கழற்றும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள், அவ்வளவுதான். மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மட்டும் போடாதீர்கள். சூடு லித்தியம் செல்லைச் சீக்கிரம் கொன்றுவிடும்.

டார்ச்சுக்குள் செல் கசிந்து உப்புப் பூத்திருக்கிறது.

வெறுங்கையால் தொட வேண்டாம். செல்லை எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேயுங்கள். சாதாரண செல்லின் துத்தநாக உறையே அதன் மைனஸ் முனை. எரிய எரிய அது அரித்துப்போய் ஓட்டை விழும். அதனால் பல நாள் எடுக்காத டார்ச்சில் செல்லை விட்டுவைக்காதீர்கள். பழைய செல்லோடு புதியதைச் சேர்த்தும் போடாதீர்கள்.

கார்த்திகைக்கு பேட்டரி அகல் விளக்கு வாங்கலாமா? வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறான்.

அந்த விளக்குகள் பலவற்றில் இருப்பது பொத்தான் செல். பிள்ளை விழுங்கித் தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். விழுங்கினானோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். செல் மூடியில் ஸ்க்ரூ இல்லாத விளக்கென்றால் வாங்கவே வாங்காதீர்கள். மண் அகலையே எட்டாத உயரத்தில் ஏற்றுங்கள்.