முணுமுணுத்தானா, முனகினானா?

கேள்வி: சிறுகதை எழுதிப் பழகி வருகிறேன். ஒரே பக்கத்தில் நாலு இடத்தில் ‘முணுமுணுத்தான்’ வந்திருப்பதாக நண்பர் சுட்டிக்காட்டினார். அதற்குப் பதிலாக ‘முனகினான்’, ‘கிசுகிசுத்தான்’ என்று மாற்றிவிடலாமா? ‘முணகினான்’ என்று எழுதுவது தவறா?

பதில்: மாற்றலாம், ஆனால் சொல் மாறினால் காட்சியும் மாறிவிடும். மூன்றும் தாழ்ந்த குரல்தான். யார் காதுக்காக அந்தக் குரல் எழுகிறது என்பதில்தான் வேறுபாடு.

தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். கிசுகிசுக்கும்போது விரலுக்கு அதிர்வே தெரியாது. குரல்நாண் ஓய்ந்திருக்க, வெறும் காற்றுதான் பேசுகிறது. முணுமுணுக்கும்போது அதிர்வு உண்டு. உதடு சரியாகத் திறக்காததால் எழுத்துகள் ஒன்றோடொன்று குழைந்துவிடுகின்றன. முனகலுக்கு வாயைத் திறக்கவே வேண்டியதில்லை, மூக்கு வழியாகவே ஒலி வந்துவிடும். சொற்களின் ஒலியும் இதற்குப் பொருந்தியே இருக்கிறது: முணுமுணுப்பிலும் முனகலிலும் ம, ண, ன என்ற மூக்கொலிகள்; கிசுகிசுப்பில் காற்று உரசும் சகரம்.

ஆகவே கிசுகிசுப்பவனுக்குக் கேட்க ஒரு காது வேண்டும். அவன் சொல்வது அந்த ஒருவருக்குத் தெளிவாகவே கேட்கும், பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்காது. முனகுபவன் பேச நினைப்பதே இல்லை. காய்ச்சலில், வலியில், அரைத்தூக்கத்தில் தானாக வருவது அது. ‘முக்கி முனகி எழுந்தார்’ என்கிறோமே, அங்கே ஒரு சொல்கூட இல்லை. நாய்கூட முனகும். முணுமுணுப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் சொல் இருக்கிறது, ஆனால் வாயைவிட்டு முழுதாக வெளியே வருவதில்லை. பாட்டை முணுமுணுக்கலாம், மனக்குறையையும் முணுமுணுக்கலாம். ‘கட்சிக்குள் முணுமுணுப்பு’ என்று செய்தியில் வருவது இந்த இரண்டாம் பொருளில்தான். எதிரே நின்று சொல்லத் துணிவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை என்ற நிலையை இவ்வளவு கச்சிதமாகப் பிடிக்கும் சொல் வேறில்லை. அதை வெறும் ‘மெதுவாகச் சொன்னான்’ என்ற பொருளில் செலவழிப்பது வருத்தமாக இருக்கிறது.

சிவவாக்கியர் நட்ட கல்லைச் சுற்றிவந்து ‘முணமுணென்று’ சொல்லும் மந்திரம் ஏதடா என்று கேட்கிறாரே, அங்கே ‘கிசுகிசுவென்று’ போட்டுப் பாருங்கள், பாட்டே கெட்டுவிடும்.

எழுத்துக்கு வருவோம். முணுமுணு இரட்டைக்கிளவி. ‘இரட்டிற் பிரிந்திசையா’ என்பது இலக்கணம்: பிரித்தால் ‘முணு’வுக்குப் பொருளில்லை. எனவே நடுவில் இடம் விடாமல் சேர்த்தே எழுதுங்கள். ‘முணகு’ என்று எழுதுபவர்களும் உண்டு. இன்று பரவலாக இருப்பது ‘முனகு’. எதை எடுத்தாலும் கதை முழுக்க அதையே வையுங்கள். ‘முணுமுணுத்துக்கொண்டே’, ‘முனகிக்கொண்டே’ இரண்டிலும் க் மிகும். ‘முணுமுணுவெனப் பேசினான்’ என்பதில் ப் மிகும், ‘முணுமுணுவென்று பேசினான்’ என்பதில் மிகாது.

பலர் இன்னொன்றிலும் தடுக்கி விழுகிறார்கள். “நாளைக் காலை ஏழு மணிக்கு வண்டி புறப்படுகிறது, நீயும் வந்துவிடு” என்று அவன் முணுமுணுத்தான். அவள் உடனே “சரி” என்றாள். முணுமுணுத்தது அவளுக்கு எப்படி முழுதாகக் கேட்டது? அவளுக்குக் கேட்க வேண்டுமென்றால் ‘குரலைத் தாழ்த்திச் சொன்னான்’ என்று எழுதுங்கள். கேட்கக்கூடாதென்றால் பேச்சை உடையுங்கள்: “ஏழு மணிக்கு... வண்டி...” என்று முணுமுணுத்தான். “என்ன?” என்றாள் அவள்.

உங்கள் நாலு இடங்களையும் இப்படிச் சோதியுங்கள். ‘முணுமுணுத்தான்’ தேவையே இல்லாத இடத்தில் வெறும் ‘என்றான்’ போதும்.