எல்லையோர வாசகர் கேள்விகள்: முனியறை, மணிமேகலை, ஒரு ராத்திரித் தங்கல்

கேள்வி: அக்கா, நாங்கள் நாலைந்து சிநேகிதிகள். கல்லூரியில் இருந்தே பழைய தத்துவம், குலசாமி, கற்திட்டை என்று எங்களுக்குள் இதே பேச்சுத்தான். ஒரு பௌர்ணமிக்கு மறையூர் முனியறைக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டு, விளக்கேற்றி, விடிய விடியப் படித்துப் பேச வேண்டும் என்று ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். போகலாமா?
– ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் கல்லுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டாம், ஊருக்குள் படுங்கள். இதைச் சொல்வது உங்கள் வீட்டாருக்குப் பரிந்து பேசுவதற்காக இல்லை.

முனியறை என்று நாம் சொல்வது என்ன? பெரிய பலகைக் கற்களை நட்டு, மேலே ஒரு மூடுகல்லைத் தூக்கி வைத்த பெருங்கற்காலக் கற்திட்டை. முனிவர்கள் தவம் இருந்தார்கள், வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கினார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள், அந்தக் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவும் அந்த இடத்தின் சொத்துதான். ஆனால் கற்திட்டைகள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. செத்தவர்களை எரிப்பவர், அப்படியே இட்டுவிடுபவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைப்பவர், தாழியில் கவிப்பவர் என்று மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டக் காதை ஒரே மூச்சில் ஐந்து வழக்கங்களைச் சொல்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டு முனியறைகள் இருக்கும் கோவில்கடவுப் பாறை மேல் ஏறி நின்று பாருங்கள், உள்ளே தூக்கப்பை விரிக்க உங்களுக்கே மனசு வராது. யாரோ ஒருவர் தம் தகப்பனுக்கோ பிள்ளைக்கோ அத்தனை எடையுள்ள கல்லை அந்தப் பாறை மேல் ஏற்றியிருக்கிறார்.

விளக்கேற்றுவதும் வேண்டாம். நெருப்புச் சூடு பட்டால் கருங்கல்லின் மேல்தோல் செதில் செதிலாக உதிரும், கற்பூரக் கரி லேசில் போகாது. மறையூர்ப் பக்கமே குகைச் சுவர்களில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, அவை படத்தில் பளிச்சென்று விழ வேண்டும் என்று தண்ணீர் தெளிக்கிறவர்களைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள், அந்த ஈரம் உப்பைக் கிளப்பி ஓவியத்தையே அரித்துவிடும். அப்புறம் யானை. சின்னாறு சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது, மறையூரைச் சுற்றி சந்தனக் காடு, ராத்திரியில் அந்த வழியெல்லாம் அவற்றின் வழி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இருந்தே இருக்கிறது, சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் குற்றம்.

சரி, என்ன செய்யலாம்? காலையில் உடுமலையில் பஸ் ஏறி சின்னாறு வழியாக மறையூர் வாருங்கள். கோவில்கடவில் பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில், அதற்கு மேலேதான் முனியறைகள். அந்தப் பாம்பாறுதான் சின்னாறு, தேனாறோடு சேர்ந்து அமராவதியாகி உங்கள் ஊர் அணைக்கு வருகிறது. பாறை கொதிப்பதற்கு முன் பார்த்து முடித்துவிட்டுக் காந்தலூர் ஏறுங்கள். அங்கே பட்டா நிலத்தில் கூடாரம் போட்டுத் தருகிறவர்களும் வீட்டுத் தங்கல் கொடுக்கிறவர்களும் உண்டு, நிலா அங்கேயும் இதே நிலாதான். சின்னாறுக்குள்ளேயே தங்க ஆசை என்றால் கேரள வனத்துறையே வழிகாட்டியோடு மரவீடு, மரக்குடில் ஏற்பாடு செய்கிறது, முன்பதிவு வேண்டும். வழிகாட்டியாக வருகிறவர் பெரும்பாலும் அந்த மலைப் பழங்குடியான முதுவரோ மலைப்புலையரோ ஆக இருப்பார், அவர் பேசும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். வரும்போது மறையூர் உருண்டை வெல்லம் வாங்க மறக்காதீர்கள், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம் அது.

கேள்வி: ஐரோப்பாவில் பழைய தெய்வங்களைத் திரும்பக் கும்பிடத் தொடங்கிய ‘பேகன்’ கூட்டத்தாரின் காணொளிகளைப் பார்க்கிறேன். நம் சுடலைமாடனும் இசக்கியும் அதே வகைதானே? நாமும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: மரம், கல், நீர், இறந்த முன்னோர் இவற்றில் தெய்வம் காண்பது இரண்டிலும் உண்டு, அந்த அளவில் உறவு உறவுதான். ஆனால் அவர்களுக்கு நடுவில் கயிறு அறுந்துபோனது. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரோமப் பேரரசன் தியோடோசியஸ் பழைய கோயில்களின் பலியையும் வழிபாட்டையும் தடை செய்தான். 529இல் ஜஸ்டினியன் ஏதென்சில் தத்துவம் சொல்லித்தருவதை நிறுத்தினான், டமாஸ்கியஸ், சிம்பிளிசியஸ் உட்பட ஏழு தத்துவவாதிகள் பாரசீக மன்னனிடம் அடைக்கலம் போனார்கள். அதற்குப் பின் எத்தனையோ நூற்றாண்டு கழித்துத்தான் மறுபடி எழுந்தது: இங்கிலாந்தில் ஜெரால்டு கார்ட்னர் 1950களில் விக்கா என்ற புதுப் பேகன் வழிபாட்டைப் பரப்பினார், ஐஸ்லாந்தில் 1972இல் பழைய நார்ஸ் தெய்வங்களுக்கென்று ஓர் அமைப்பு தொடங்கி அடுத்த ஆண்டே அரசு அங்கீகாரம் வாங்கியது. பெரும்பாலும் நூல்களிலிருந்தும் இடிந்த கற்களிலிருந்தும் அவர்கள் தங்கள் சடங்கைக் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. அந்தத் தேடலை நான் மிகவும் மதிக்கிறேன். தாய்வழியே வராத ஒன்றைத் தேடிப்போய் எடுத்துக்கொள்ள மனசில் பெரிய தாகம் வேண்டும்.

உங்கள் ஊரிலோ கொடை என்கிற சாமி விழா இன்னும் நடக்கிறது. வில்லுப்பாட்டில் மாடன் கதை பாடப் பாடத்தான் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வருகிறது. இசக்கி என்று கும்பிடுகிறோமே, பல ஊர்க் கதைகளில் அவள் வஞ்சிக்கப்பட்டுச் செத்த ஒரு பெண். அந்தச் சாவுக்கு ஊர் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது, கொடை என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். சங்க காலத்திலேயே இந்த வேர் தெரிகிறது. பகைவரைத் தடுத்து, யானையை வீழ்த்திப் போரில் விழுந்தவனின் கல்லைப் பரவுவதைத் தவிர, நெல் தூவிப் பரவ வேறு கடவுள் எங்களுக்கு இல்லை என்று புறநானூற்றின் 335ஆம் பாட்டு சொல்கிறது, பாடியவர் மாங்குடி கிழார். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ் பிராமி எழுத்தோடு நடுகற்கள் கிடைத்தன, அதில் ஒன்று கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த அந்தவன் என்கிறவனுக்கு எடுத்த கல். பெயரும் ஊரும் சாவும் எழுதிய கல் அது.

ஆகையால் பேகன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டுக் கேமராவோடு கொடைக்குள் நுழைவதில் ஆட்சேபம் உண்டு. மாடன் பீடத்துக்கு இன்ன குடும்பம் என்று உரிமை இருக்கும், எந்தச் சாதிக்காரன் எதுவரை வரலாம் என்ற பழைய கொடுமையும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னதை மதியுங்கள், பின்னதைக் கேள்வி கேளுங்கள்.

கேள்வி: எபிக்டெட்டஸ், மார்க்கஸ் அரேலியஸ் என்று ரோமானியக் காலத்துத் தத்துவவாதிகளை எல்லாம் படித்து நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறோம். தமிழில் இதற்கு ஈடாக எதை எடுப்பது? யாதும் ஊரே தவிர வேறு ஏதாவது சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், சித்தூர், பாலக்காடு

பதில்: அந்தப் பாட்டை விட்டுவிட வேண்டாம், முதல் வரியோடு நிறுத்திவிடாமல் முழுதாகப் படியுங்கள். ஆற்று வெள்ளத்தோடு போகும் புணை போல உயிர் முறைவழியே போகும் என்கிறார் கணியன் பூங்குன்றனார், அதனால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார். ஊழை ஒப்புக்கொண்டால் மனிதன் சோர்ந்து போவான் என்றுதான் நினைப்போம், இவரோ அதிலிருந்து சமத்துவத்துக்குப் போகிறார். எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர், பின்னால் பேரரசன் டொமிஷியன் தத்துவவாதிகளை ரோமிலிருந்து துரத்தியபோது நிக்கோபொலிஸ் போய்ப் பள்ளி நடத்தியவர். நம் வசத்தில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரிப்பதில்தான் அவர் பாடம் தொடங்குகிறது. இந்த இரண்டையும் ஒரே மாலையில் வைத்துப் பேசுங்கள், ஒரு சந்திப்பு போதாது.

ஆனால் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வருவது மணிமேகலையின் 27ஆம் காதை, சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. நடக்கும் இடம் வஞ்சி, சேரர் தலைநகர். அது கரூரா, கொடுங்கல்லூர்ப் பக்கமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் போய் ஒவ்வொரு மதக்காரரையும் அவரவர் கொள்கை கேட்கிறாள். எல்லாம் ஊழ்வழியே என்னும் ஆசீவகர், தம் குரு மற்கலியின் நூலைச் சொல்லி நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐந்து வகை அணுக்களைப் பற்றிப் பேசுகிறார், கரும்பிறப்பு முதல் வெண்பிறப்பு வரை ஆறு நிறப் பிறப்புகளைச் சொல்கிறார். கிரேக்கத்தின் டெமாக்ரிட்டஸும் எபிக்யூரஸும் அணுவைப் பேசினார்கள், ஆனால் ஊழ் விஷயத்தில் எபிக்யூரஸ் ஆசீவகருக்கு நேர் எதிர், அங்கே உங்கள் கூட்டத்தில் நல்ல சண்டை வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது, நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி வரும் இடம். ஆத்திப்பூவும் கருப்புக்கட்டியும் இன்னும் சிலதும் கூட்டினால் கள்ளின் வெறி தானே பிறப்பது போல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், நேரில் காணும் காட்சி ஒன்றுதான் அளவை, அதாவது அறியும் வழி, அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்கிறான். மணிமேகலை சிரித்துக்கொண்டே கேட்கிறாள்: உன் தாய் தகப்பன் யார் என்று அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய்? இத்தனை சுருக்கமான மறுப்பை நான் வேறெங்கும் படித்ததில்லை. அதற்காகப் பூதவாதி தோற்றுவிட்டான் என்றும் நினைக்கவில்லை, அவன் பக்கம் நின்று ஒருவர் வாதாடிப் பாருங்கள்.

யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர், இங்கே வந்துபோனதும் உங்கள் பேச்சுக்கு உதவும். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கலத்தை அகநானூறு 149 சேரர் துறைமுகமான முசிறியில் காட்டுகிறது. பியூட்டிங்கர் வரைபடம் என்ற பழைய ரோமானிய வழிப்படத்தில் முசிறிக்குப் பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் மேற்குக் கரைச் சரக்கு கொங்குநாட்டுக்கு ஏறியது. மிளகு மூட்டை போன வழியில் ஒரு கேள்வியாவது போயிருக்கும் என்று நம்புகிறேன், சான்று காட்டமுடியாத நம்பிக்கைதான்.

கேள்வி: எனக்குப் புத்தகம், என் வீட்டுக்காரருக்கு மலையேற்றம். அவர் கோயிலுக்கு வரமாட்டார், நான் காட்டுக்குப் போகமாட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து போக ஓர் இடம் சொல்லுங்கள் அக்கா.
– ஒரு வாசகி, களியக்காவிளை

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே சிதறால் மலை இருக்கிறதே! திருச்சாரணத்து மலை என்று கல்வெட்டுச் சொல்லும் இடம், பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், சமணர் கும்பிடும் இயக்கி பத்மாவதி, பின்னால் பகவதி கோயிலாகவும் ஆனது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கி குரத்திகள் இந்த மலைத் தெய்வமான பட்டாரியருக்குப் பொன் அணிகள் கொடுத்ததாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. குரத்தி என்றால் சமணப் பெண் ஆசிரியர். 9ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் குரு, பெயரோடு, கல்லில்! அதைக் கண்ணால் பார்க்கவே ஏறலாம். பாதை கல் பாவியது, காடு இல்லை, அவருக்கு ஏற்றம் கிடைக்கும், உங்களுக்குப் படிக்க எழுத்து கிடைக்கும். தங்கல் மட்டும் கீழே ஊரில்.

கேள்வி: மங்கலதேவி கண்ணகி கோயிலில் ராத்திரி தங்க அனுமதி வாங்க முடியுமா? முடியாது என்றால், பழைய மலைத் தெய்வம் இருக்கும் இடத்தில் முறையாகத் தங்குவதற்கு வேறு எங்கே போகலாம்?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: மங்கலதேவியில் முடியாது தம்பி. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோயில், வருஷத்தில் சித்ரா பௌர்ணமி ஒருநாள் மட்டும், அதுவும் பகலில் மட்டும் திறக்கிறார்கள். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் கூடி ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப், நம் பக்கம் பளியன்குடியிலிருந்து நடை. நீங்கள் நடந்தே போங்கள், சிலப்பதிகாரத்தில் கண்ணகியை வேங்கை மர நிழலில் பார்த்ததாகச் சொன்ன மலைக்குறவர்கள் அப்படித்தான் ஏறி இறங்கியிருப்பார்கள்.

தங்க வேண்டும் என்றால் அகத்தியர்கூடம். 1,868 மீட்டர், கேரள வனத்துறை பருவத்தில் மட்டும் போனக்காட்டிலிருந்து அனுமதித்து, அதிருமலை முகாமில் இரவு தங்க வைக்கிறது, மூன்று நாள் பயணம், முன்பதிவும் மருத்துவச் சான்றும் வேண்டும். அங்குள்ள பழங்குடியான காணிக்காரர்களுக்கு அந்த உச்சி முழுதுமே அகத்தியர், அவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது, அதிலும் பாருங்கள். அனுமதி இல்லாத வழியில் யாராவது கூட்டிப்போகிறேன் என்றால், குறிப்பாக மாசி, பங்குனி வெயிலில், மறுத்துவிடுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் 20 பேருக்கு மேல் இறந்தது உங்கள் மாவட்டத்தில்தான்.