வலிக்கு ஒட்டுற பேட்ச்: மருந்து ஒழுங்கா உள்ளே இறங்க (கேள்வி பதில்)

குலசேகரம்: ரப்பர் பால்வெட்டுக்குப் போறேன் சார். தோள்ல டைக்ளோஃபெனாக் பேட்ச் ஒட்டினா வியர்வையில இளகிப் போவுது.

ஓரம் எழும்பின அளவுக்கு மருந்தும் குறையும். தோலோடு ஒட்டியிருக்கிற பரப்பு வழியாத்தான் மருந்து இறங்குது. விடியற்காலை வெட்டுக்கு முன்னாடி ஒட்டாதீங்க. வேலை முடிஞ்சு குளிச்சு, ஃபேன் காத்துல பத்து நிமிஷம் தோலை ஆறவிட்டு ஒட்டுங்க. அந்த இடத்துல எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் இருக்கக் கூடாது. முடி இருந்தா கத்தரியால ஒட்ட வெட்டுங்க. பிளேடு போட்டா தோல் கீறும், எரியும், மருந்தும் தாறுமாறா ஏறும். ஒட்டினதும் உள்ளங்கையால 30 வினாடி அழுத்தி, நாலு ஓரத்துக்கும் மைக்ரோபோர் டேப் போடுங்க. எத்தனை மணி நேரம்னு உறையில பாருங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

தக்கலை: வைத்திய ஆசான் தந்த முறிவெண்ணெய் தேய்ச்சு, அதுக்கு மேல ஒட்டலாமா?

ஒட்டாது. எண்ணெய் ஒரு நேரம், பேட்ச் ஒரு நேரம். நடுவில சோப்புப் போட்டுக் கழுவணும்.

மார்த்தாண்டம்: பாராசிட்டமால் ஏன் பேட்ச்சா வரல?

தோலோட மேலடுக்கு 10 முதல் 20 மைக்ரான்தான் (மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சா ஒரு பங்கு ஒரு மைக்ரான்), ஆனா காவல் பலம். மருந்தோட மூலக்கூறு எடை 500 டால்டனுக்குள்ள (டால்டன்னா மூலக்கூறு எடைக்கான அலகு) இருக்கணும், கொழுப்பிலயும் தண்ணியிலயும் ஓரளவு கரையணும், நாளுக்குச் சில மில்லிகிராமே போதும்னும் இருக்கணும். பாராசிட்டமால் எடையில தேறிடும், அளவுல தோத்துடும். அது கிராம் கணக்குல வேணும்.

நாகர்கோவில், பி.ஃபார்ம் மாணவி: ஊடுருவலைக் கூட்ட என்ன வழி?

நல்ல கேள்வி. ஓலிக் அமிலம், புரோப்பிலீன் கிளைக்கால் மாதிரிச் சேர்மானங்கள் மேலடுக்குக் கொழுப்போட கட்டுக்கோப்பைத் தளர்த்தும். அளவு மிஞ்சினா தோல் சிவந்துடும். பசைக்குள்ள மருந்தைக் கரைதிறனுக்கு மேல ஏத்தினா உந்துதல் கூடும், ஆனா அலமாரியில இருக்கும்போதே படிகமாயிடும். உறை பிரிச்ச பேட்ச்சை வெளிச்சத்துல பிடிச்சா பொடி உப்பு மாதிரித் தெரியுமே, அதான். படிகமான மருந்து தோலுக்குள்ள போகாது. பாலிவினைல் பைரோலிடோன் சேர்த்து அதைத் தடுப்பாங்க. மில்லிமீட்டருக்கும் குட்டையான நுண்ணூசிகள் மேலடுக்கிலயே வழி திறக்கும். அயான்டோஃபோரசிஸ் மெல்லிய மின்சாரத்தால மின்னேற்றமுள்ள மருந்தைத் தள்ளும்.

கொல்லங்கோடு: அப்பாவுக்குப் புற்றுநோய். காலையில ஃபென்டனில் பேட்ச் ஒட்டினோம், மத்தியானம் ஆகியும் வலி. இன்னொண்ணு ஒட்டவா?

ஒட்டாதீங்க. ஃபென்டனில் மார்ஃபின் வகையில ரொம்ப வீரியமான வலிமருந்து. முதல் பேட்ச் முழுசா வேலை செய்ய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். மருந்து முதல்ல தோலுக்கு அடியில தேங்கி, அப்புறம்தான் ரத்தத்துக்குப் போகும். இடையில வர்ற வலிக்கு மாத்திரையோ சிரப்போ டாக்டர்கிட்ட இப்பவே கேளுங்க. வலிக்கிற இடத்துலதான் ஒட்டணும்னும் இல்ல. நெஞ்சு, மேல்முதுகு போதும்.

குளச்சல்: சுடுதண்ணிப் பை வெச்சா சீக்கிரம் இறங்குமே?

இறங்கும். அதுதான் ஆபத்து. சூட்டுல ரத்தக்குழாய் விரியும், 72 மணி நேரத்துக்கான மருந்து முந்தியே பாயும். காய்ச்சல் 40 டிகிரி ஆனாலே ரத்தத்துல ஃபென்டனில் மூணுல ஒரு பங்கு கூடலாம்னு கணக்கு.

தக்கலை: ஒத்தடத்துல யாரு செத்தா? எங்க வீட்டுல எப்பவும் வைக்கிறதுதானே.

வெறும் தோல்ல வைங்க, யாரும் தடுக்கல. பேச்சு பேட்ச்சுக்கு மேல வைக்கிறதைப் பத்தி. ஃபென்டனில் பேட்ச்சுல சூடு பட்டுச் செத்தவங்க உண்டு. எழுப்பினா எழும்பாத தூக்கம், மூச்சு மெதுவாகிறது, கண்மணி ஊசிமுனையாச் சுருங்கறது, இதுல எது தெரிஞ்சாலும் பேட்ச்சை உரிச்சுட்டு உடனே ஆஸ்பத்திரி. உரிச்சப்புறமும் மருந்து ஏறிட்டே இருக்கும், ‘தெளிஞ்சிருவாரு’ன்னு வீட்டுல காத்திருக்காதீங்க.

குளச்சல்: அப்போ டைக்ளோஃபெனாக் பேட்ச்சுக்கு மேல?

வேண்டாம். சூட்டுல அந்த மருந்தும் அளவுக்கு மேல ஏறலாம்.

இரணியல்: பாதியா வெட்டி ஒட்டலாமா?

மரத்துப்போக வைக்கிற லிடோகைன் 5 சதவீதப் பேட்ச்சை, பின்தாளை உரிக்கிறதுக்கு முன்னாடி வெட்டலாம். 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் விடணும். புண்ணு மேல வேண்டாம். ஃபென்டனிலை வெட்டவே கூடாது.

கருங்கல்: ஹீட்டிங் பேட் வைக்கலாமா?

குளச்சல்காரருக்குச் சொன்ன பதிலைப் படிங்க.

திங்கள்நகர்: எனக்கு ஆறு மாசமா முதுகுவலி, எந்த பேட்ச்?

முதல்ல டாக்டர்.

கொல்லங்கோடு: கழற்றின பேட்ச்சை எங்க போட?

அதுலயும் மருந்து மிச்சம் இருக்கும், குழந்தை எடுத்து ஒட்டினாலோ வாயில வெச்சாலோ உயிருக்கே ஆபத்து. பசைப்பக்கம் உள்ளே வர்ற மாதிரி மடிச்சு, மூடி போட்ட டப்பாவுல போட்டு, மருந்து தந்த ஆஸ்பத்திரியிலயே குடுத்துருங்க.