15 நிமிடம் தொங்கும் இணைப்பு

கேள்வி: லினக்ஸில் ஓடும் எங்கள் நிரல், டேட்டாபேஸ் சர்வர் திடீரென மின்சாரம் போய் நின்றால் சுமார் 15 நிமிடம் அப்படியே தொங்குகிறது. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கும் கீப்அலைவை 60 நொடி என்று வைத்தும் பயனில்லை. ஏன்?

பதில்: கீப்அலைவ், இணைப்பு சும்மா கிடக்கும்போதுதான் வேலை செய்யும். உங்கள் நிரல் அனுப்பிய வினவலுக்கு இன்னும் ஒப்புகை (வந்து சேர்ந்தது என்ற பதில்) வரவில்லை. ஆகவே அங்கே, பதில் வராத பாக்கெட்டை எப்போது மீண்டும் அனுப்புவது என்று கணக்கிடும் மறுஅனுப்பல் கடிகாரம்தான் ஓடுகிறது. காத்திருக்கும் இடைவெளி முதலில் 0.2 நொடி, பிறகு 0.4, 0.8, 1.6 என்று இரட்டித்து, 120 நொடியை எட்டியதும் அதற்கு மேல் வளராது. எத்தனை முறை மீண்டும் அனுப்பலாம் என்று சொல்லும் லினக்ஸ் அமைப்பான டிசிபி_ரீட்ரைஸ்2 (tcp_retries2) இயல்பாக 15. எல்லா இடைவெளிகளையும் கூட்டினால் 924.6 நொடி. அதுதான் உங்கள் 15 நிமிடம்!

அதை 8 ஆக்கினால் 102.2 நொடியில் பிழை திரும்பும். ஆனால் அது அந்தக் கணினியின் எல்லா டிசிபி இணைப்புகளையும் பாதிக்கும். என் பரிந்துரை, அந்த ஒரு சாக்கெட்டில் (இணைப்பில்) மட்டும், ஒப்புகைக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் டிசிபி_யூசர்_டைம்அவுட் (TCP_USER_TIMEOUT). மதிப்பு மில்லிநொடியில்: 30 நொடிக்கு 30000. வெறும் 30 என்று எழுதிவிட்டு, இணைப்பு அடிக்கடி அறுகிறதே என்று தவிப்பவர்கள் உண்டு.

மறுஅனுப்பலுக்கு முன் காத்திருக்கும் 200 மில்லிநொடி என்ற குறைந்தபட்ச வரம்பைத் தயவுசெய்து குறைக்காதீர்கள். எதிர்முனை ஒப்புகையைச் சற்றுத் தாமதித்தே அனுப்பும். அதற்குள் பொறுமையிழந்தால், தொலையாத பாக்கெட்டையே மீண்டும் அனுப்பி வேகத்தையும் இழப்பீர்கள்.

சோதிக்க, 'எஸ்எஸ் -டிஐ' (ss -ti) கட்டளையில் ஆர்டிஓ (rto) எண்ணை, அதாவது அடுத்த மறுஅனுப்பலுக்கான காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். எதிர்முனை செத்திருந்தால் அது இரட்டித்துக்கொண்டே போகும்.